பாதியில் விட்டவரின் முகவரி

மே 9

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களும் உனக்கு இடம் கொடுத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. எதில் சேரலாம் என்று என்னைக் கேட்டிருப்பதில்தான் கொஞ்சம் வியப்பு, நிறைய மகிழ்ச்சி. போனிலேயே கேட்டிருக்கலாமே என்று என் மகன் சொல்லியிருப்பான். போனில் கேட்டால் அந்த நேரத்துக்குத் தோன்றுவதைத்தான் சொல்ல முடியும். எழுதினால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

கல்லூரிகளைச் சோதிக்கும் குழுக்களில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது உனக்குத் தெரியும். நாங்கள் வரும் தேதி தெரிந்ததும் ஒவ்வொரு துறையும் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். பக்கத்துக் கல்லூரியில் இரவல் வாங்கிய நுண்ணோக்கிகள் வரிசையாக நிற்கும். நூலகத்தில் உட்காராதவர்கள் எல்லாம் அன்றைக்கு உட்கார்ந்திருப்பார்கள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். விரலில் சுண்ணாம்பு ஒட்டினால் அந்தத் துறைக்கு அன்று பொழுது சரியில்லை. "அந்தம்மா வருதுன்னா ஒரு வாரம் முன்னாடியே சுண்ணாம்பு அடிச்சு முடிச்சிடுங்கப்பா" என்று ஒரு முதல்வர் சொன்னது என் காதுக்கே வந்தது. அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே நீ அனுப்பிய வண்ணப் புத்தகங்களையும் தரவரிசைகளையும் ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு துறையின் தரம் அதன் மாணவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதில் இருக்கிறது. போன மாதம் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது கண் டாக்டரிடம் போகிறேன் என்று மூன்று காலை கிளம்பிப் போனேனே, அப்போது உங்கள் ஊர்ப் பெரிய பல்கலையின் நூலகத்தில்தான் இருந்தேன். ஐந்து ஆய்வேடுகளை முழுதாகப் படித்தேன். இன்னொன்றான மலைப் பல்கலைக்குப் போக என் முழங்கால் இடம் தரவில்லை. அங்கே நூலகராக இருக்கும் என் பழைய மாணவி ஐந்து ஏடுகளைப் பார்சலில் அனுப்பி வைத்தாள்.

முடிவைச் சொல்கிறேன். பெரிய பல்கலையில் சேர்.

அங்கே ஐந்து ஏடுகளிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அட்டவணைகள் கச்சிதம். ஐந்து பேர் எழுதியது ஒரே கை எழுதியதுபோல் இருக்கிறது. மாணவர்களை இப்படி வார்த்தெடுக்க அந்தத் துறைத் தலைவர் எத்தனை வருடம் பாடுபட்டிருக்க வேண்டும். நன்றியுரை நாலே வரி. அடக்கமாக, மரியாதையாக.

மலையிலிருந்து வந்தவற்றைப் படிக்கும்போது பென்சிலைக் கீழே வைக்க முடியவில்லை. ஒருவருக்கு முற்றுப்புள்ளி என்றால் என்னவென்றே தெரியாது. நன்றியுரையே இரண்டு பக்கம். மூன்றாம் அத்தியாயத்துக்காக நெறியாளருடன் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டதாகவும் கடைசியில் அவர் தோற்றுப்போனதாகவும் ஒருத்தி எழுதியிருக்கிறாள். அந்த நெறியாளரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நன்றி சொல்கிற இடமா அது?

அதே பேராசிரியர் உனக்கு எழுதிய கடிதத்தையும் பார்த்தேன். முடிவெடுக்கும் முன் மூன்று பேரிடம் விசாரியுங்கள் என்று மூன்று முகவரிகள் தந்திருக்கிறார். படித்து முடித்தவர் ஒருவர், படித்துக்கொண்டிருப்பவர் ஒருவர், பாதியில் விட்டவர் ஒருவர். முதல் இருவர் சரி. தன்னிடமிருந்து பாதியில் எழுந்து போன ஒரு பெண்ணின் முகவரியை எந்தத் தலைவராவது தானே எடுத்துக் கொடுப்பாரா? என் வீட்டில் கால் உடைந்த நாற்காலி இருந்தால் அதை நான் விருந்தாளி முன் இழுத்துப் போடமாட்டேன்.

தவிர, அந்த ஊர் உங்கள் வீட்டிலிருந்து எட்டு மணி நேரப் பயணம். இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

உன் நலம் விரும்பும்
அத்தை


மே 17

அத்தைக்கு,

கண் டாக்டர் விஷயம் அறிந்து உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா மூணு நாள் கண்ண டெஸ்ட் பண்ணல, ஊரையே டெஸ்ட் பண்ணியிருக்காங்க" என்கிறார். உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். எனக்காக மூன்று காலை நூலகத்தில் உட்கார்ந்தவர்கள் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.

ஆனால் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. நான் எதற்காகப் படிக்கப் போகிறேன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டேன். வெயில் ஏறினால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "ஏம்மா, தண்ணியில மண்ணு வாடை அடிக்குது, குடிக்க முடியல." நாங்கள் மாதிரி எடுத்துச் சோதிப்போம். எல்லாம் சரி என்று வரும். சரி என்று கையெழுத்துப் போடுவேன். போட்டுவிட்டு அந்தத் தண்ணீரை மோந்து பார்ப்பேன். வாடை இருக்கும்.

இதைத்தான் இரண்டு இடத்துக்கும் எழுதினேன். பெரிய பல்கலையிலிருந்து எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. மலைப் பேராசிரியர், "வாடை எந்தத் தொட்டியில் முதலில் வருகிறது? கவனித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். நான் கவனிக்கவில்லை அத்தை. அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன். மேட்டுத் தெருத் தொட்டி.

அந்தப் பாதியில் விட்ட பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கட்டுமா? ஒரே ஒரு கடிதம். பதில் எப்படி வந்தாலும் நீங்கள் சொன்ன இடத்திலேயே சேர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருந்தாலும் கேட்டு வைக்கலாமே என்று.

மருமகள்


மே 22

அன்புள்ள மருமகளுக்கு,

எழுதாதே.

விட்டுப் போனவர்கள் அதற்கு நூறு காரணம் சொல்வார்கள். அந்த நூறில் அவர்களுடைய சோம்பல் மட்டும் இருக்காது. குழுவில் இருந்த காலத்தில் நான் அவர்களைக் கேட்டதே இல்லை. வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும், கோபித்துக்கொண்டு வெளியே போனவர்களை அல்ல.

தொட்டியைப் பற்றி அவர் கேட்டது நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நல்ல கேள்விக்காக ஒருவரிடம் நாலு வருடத்தை ஒப்படைக்க முடியாது.

சேர்க்கைக்குக் கடைசித் தேதி இம்மாதம் முப்பது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்காமல் கையெழுத்தைப் போடு.

அத்தை


டிசம்பர் 14

அத்தைக்கு,

ஆறு மாதமாக இரண்டு வரி அட்டைகளாகவே அனுப்பிக்கொண்டிருந்தேன், மன்னியுங்கள். இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் இல்லை.

கட்டடம் நீங்கள் சொன்னதுபோல் பளிச்சென்று இருக்கிறது. இங்கே லிஃப்ட்டைப் பராமரிப்பது உங்கள் மகன் வேலை பார்க்கும் கம்பெனிதான் என்பதால் மாதம் ஒருமுறை வந்து கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காருவார். வீட்டில் பார்ப்பதைவிட அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் நிறையப் பேசிக்கொள்கிறோம். "மேல போறீங்களா மேடம், கீழ போறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். மானம் போகிறது.

இப்போதைக்கு நான் துறைத் தலைவரின் திட்டத்தில் இருக்கிறேன். ஒரு சாயப் பட்டறையின் கழிவு நீரில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று அளக்கும் வேலை. அளந்து அளந்து கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஜூலையில் என் தொட்டிகளைப் பற்றிக் கேட்டேன். "நல்ல கேள்விம்மா, பாக்கலாம்" என்றார். செப்டம்பரில் மாதிரி எடுக்க அனுமதி கேட்டேன். "இந்த சீசன் போகட்டும், பாக்கலாம்." போன மாதம் ஒரு பக்கம் எழுதியே கொடுத்தேன். மேசை மேல் வைத்துக் கையால் தட்டிவிட்டு, "பாக்கலாம்" என்றார். நேற்று மாடிப்படியில் என்னைக் கண்டதும் நான் வாயைத் திறக்கும் முன்பே, "பாக்கலாம் பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்குமோ? குழுவில் இருந்தபோது நீங்கள் பார்த்திருப்பீர்களே.

மருமகள்


ஜனவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அட்டைகளுக்குப் பதிலாக ஒரு முழுக் கடிதம் வந்ததில் மகிழ்ச்சி.

எல்லா இடத்திலும் அப்படித்தான். முதல் வருடம் கையும் கண்ணும் பழகுவதற்கு. தலைவரின் திட்டத்திலேயே உன்னைச் சேர்த்துக்கொண்டிருப்பது நம்பிக்கையின் அடையாளம். பொறுமையாக இரு.

ஒரு சிறு குறிப்பு. கான்வென்ட்டில் எங்கள் மதர் கடிதங்களைக்கூடத் திருத்தித் தருவார், அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. ஒரே பத்தியில் "பாக்கலாம்" என்ற சொல்லை நான்கு முறை எழுதியிருக்கிறாய். படிப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும். ஆய்வேடு எழுதப் போகிறவள் இப்போதிருந்தே நடையில் கவனம் வைக்க வேண்டும்.

என் மகன் சட்டையில் கிரீஸ் கறையோடு உன் துறைக்கு வருகிறானா? சொல்லி வை.

அத்தை


ஆகஸ்ட் 19

அத்தைக்கு,

போன வெள்ளிக்கிழமை படிப்பிலிருந்து விலகிவிட்டேன். அவருக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். சேர்ந்த அன்று எனக்கு ஒரு பழைய வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் மூன்று பேருடைய இனிஷியல். ஒவ்வொன்றாக அடித்துவிட்டு அதன் கீழே அடுத்தவர் எழுதியிருந்தார். நான்காவதாக நான் எழுதிக்கொண்டேன். மூன்று பேர் பட்டம் வாங்கின ராசியான கோட்டு என்று நினைத்து அப்போது சந்தோஷப்பட்டேன்.

இந்த ஏப்ரலில்தான் அவர்களுடைய ஏடுகளைப் படிக்கலாமே என்று நூலகத்துக்குப் போனேன். அந்த இனிஷியலில் ஒரு ஏடும் இல்லை. பக்கத்து மேசையில் ஏழாவது வருடமாக உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கேட்டேன்.

"கோட்டுக்காரங்களா? அவங்க போயிட்டாங்க."

"முடிச்சிட்டா?"

"போயிட்டாங்கன்னுதானே சொன்னேன்."

"மூணு பேருமா?"

"உன் கோட்டுல மூணு பேரு. என் கோட்டுல அஞ்சு பேரு. கழுத்துல எடமில்லாம கையில எழுதியிருக்கேன்."

ஒருத்தருக்கும் சொந்தக் கேள்வி கிடைக்கவில்லை அத்தை. எல்லாரும் உப்பு அளந்தவர்கள். தாக்குப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எட்டாவது ஒன்பதாவது வருடத்தில் தலைவரே ஒரு தலைப்புத் தருவார். அளந்த கட்டங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பின்தெருவில் ஒரு தட்டச்சுக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், பழைய பத்திரிகைக்காரர். ஆய்வேட்டை எழுதித் தருவது அவர்தான். நான் போய்ப் பார்த்தேன். மரியாதையானவர், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எழுத்துப் பிழையே வராது என்று பெருமையாகச் சொன்னார். நீங்கள் சொன்னது சரிதான். ஒரே கைதான் எழுதியிருக்கிறது.

விலகல் கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினேன். படிக்காமலே, "உங்ககிட்ட பொறுமை இல்லம்மா, அதான் கோளாறு" என்றார். கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு என் இனிஷியலை நானே அடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் படித்த ஐந்தும் முடித்தவர்களுடைய ஏடுகள். என் கோட்டைப் போட்டிருந்த மூன்று பேரும் அலமாரியில் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. நீங்கள் எப்படிப் படித்திருக்க முடியும்? உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அப்படித்தான் நினைத்து எழுத உட்கார்ந்தேன். இப்போது படித்துப் பார்த்தால் குற்றம் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

மருமகள்


ஆகஸ்ட் 27

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

சேருவதற்கு முன்னால் என்னைக் கேட்டாய். விலகுவதற்கு முன்னாலும் கேட்டிருக்கலாம். அந்தத் துறைத் தலைவருக்கு மேலே ஒரு புலமுதல்வர் இருக்கிறார், அவருக்கு மேலே ஒரு துணைவேந்தர் இருக்கிறார். நான் ஒரு கடிதம் எழுதினால் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிப்பவர்கள் இன்னும் இரண்டு பேராவது மிச்சம் இருக்கிறார்கள். கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு வருவது நாடகத்துக்கு நன்றாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் போட்ட உழைப்பை அப்படி மாட்டிவிட்டு வருவார்களா?

தட்டச்சுக் கடை விஷயம் எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கே கேட்பவர்களிடம், உனக்கு உடம்பு சரியில்லை, விடுப்பில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது விசாரித்தால் நீயும் அதை ஒட்டியே பேசு. ஜனவரியில் திரும்பச் சேர்வதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அத்தை


செப்டம்பர் 8

அத்தைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேற்று அவருடைய சித்தி போன் செய்தார். "அக்கா சொன்னாங்க, லீவுல இருக்கியாமே. எத்தனாவது மாசம்?" என்றார். அப்படி ஒன்றும் இல்லை சித்தி என்றேன். "சரி சரி, மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத" என்று அவரே முடிவு கட்டிவிட்டு வைத்துவிட்டார். இன்னும் ஆறு மாதம் கழித்து அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

பாதியில் விட்டவள் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதைச் சொல்லிக்கொண்டுதான் வாரியத்தில் பழைய வேலைக்கு மனுப் போட்டேன். ஒரு படி கீழே இறக்கித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நம் இருவருக்கும் நடுவில் அது எப்போதும் உட்கார்ந்திருக்கும். உங்கள் முதல் கடிதத்தின் கடைசியில், எட்டு மணி நேரப் பயணம், தகவலுக்காகச் சொல்கிறேன் என்று இருக்கிறது. உங்கள் மகன் தனியாக இருப்பாரே என்று நினைத்தீர்களா? நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. நானும் நினைத்தேன். அதைச் சொல்லியிருந்தால் நான் அதை ஒரு காரணமாக எடைபோட்டிருப்பேன். நீங்கள் முற்றுப்புள்ளிகளைக் காட்டினீர்கள்.

கொஞ்ச நாள் நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மருமகள்


பிப்ரவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. நானாகவே இதுவரை என்று வைத்துக்கொண்டேன்.

உன் கேள்விக்கு முதலில் பதில். நூலகத்தில் அந்த ஏடுகளைப் பிரிக்கும்போது என் மகன் நினைவில் இல்லை என்று சத்தியம் செய்ய முடியும். பார்சலைப் பிரிக்கும்போது இருந்தானா என்று எனக்கே தெரியவில்லை. மலையிலிருந்து வந்தவற்றைத் தொடும் முன்பே பென்சிலைச் சீவி வைத்திருந்தேன். அதை மட்டும் சொல்ல முடிகிறது.

மலைப் பேராசிரியரின் கடிதம் நீ அனுப்பிய கட்டோடு என்னிடமே இருந்தது. போன வாரம் அந்தப் பாதியில் விட்ட பெண்ணைப் பார்க்கப் போனேன். பஸ் மாறி மாறிப் போனேன். முழங்கால் இடம் கொடுக்கிறதா இல்லையா என்று அதைக் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பால் பதனிடும் நிலையத்தில் அவள் பரிசோதகர். முப்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் பூட்ஸோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தண்ணி வாடைப் பொண்ணோட மாமியாரா நீங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சார் சொன்னாரு. 'ஒரு பொண்ணு எழுதியிருக்கு, நல்ல கேள்வி, உன்கிட்ட விசாரிக்கும். உள்ளத உள்ளபடி சொல்லு'ன்னாரு. லெட்டர் வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல. வேற நல்ல இடம் கெடச்சிருக்கும்னு நெனச்சோம்."

அவர் ஏன் அவளுடைய முகவரியைத் தருகிறார் என்று கேட்டேன்.

"நான் திட்டுவேன்ல, அதுக்குத்தான்" என்று சிரித்தாள். திட்டவும் செய்தாள். கூரை ஒழுகும், உதவித்தொகை நேரத்துக்கு வராது, அந்த மனுஷன் வாயைத் திறந்தால் சண்டை, எழுதிக்கொண்டு போனதை நாலு தடவை திருப்பி அடிப்பார். இதெல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வந்தால் போதும் என்று அவருக்கு எண்ணமாம். இரட்டைக் குழந்தைகள் பிறந்து, கணவருக்கு வேலையும் போனதால் அவள் விட வேண்டியதாயிற்று. இப்போதும் வருடம் ஒருமுறை திரும்ப வருகிறாயா என்று கேட்டு அவர் எழுதுவதுண்டு.

"ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. நான் போறப்ப ஒரு கேள்வியோட போனேன். வர்றப்பவும் அது என்கிட்டதான் இருந்துச்சு. அத அவர் புடுங்கிக்கல."

அவள் சொன்ன வழியில் மேலே போய்த் துறையையும் பார்த்தேன். நடையில் வாளி வைத்திருந்தார்கள், கூரை ஒழுகுவதற்கு. ஓர் அறையில் இரண்டு பேர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ வாதம் செய்துகொண்டிருந்தார்கள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று எனக்குப் பிடிபடவில்லை. பழக்கத்தில் சுவரைத் தொட்டேன். அங்கே சுண்ணாம்பு அடித்துப் பத்து வருடமாவது இருக்கும்.

பேராசிரியர் ஜூன் மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். உனக்கு இடம் தந்த வருடம் வேறு யாரையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உன்னைத் தன் கடைசி மாணவியாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாராம்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். மறைத்தால் இன்னொரு விடுப்புக் கதை ஆகிவிடும்.

அத்தை


மார்ச் 2

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எட்டு நாள் எடுத்து வைத்துவிட்டேன். இதை இரண்டு வருடம் முன்னால் செய்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகவும் அதுவேதான் தோன்றியது.

பேராசிரியர் ஓய்வு பெற்றது எனக்கு முன்பே தெரியும். விலகிய மறு வாரம் நான் மலைப் பல்கலைக்கு எழுதினேன். உங்களிடம் சொல்லவில்லை. இப்போதைய தலைவர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். தண்ணீரில் வேலை செய்கிறவர்கள் இப்போது அங்கே யாரும் இல்லையாம். வேறு தலைப்பானால் முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். வேறு தலைப்பு எனக்கு வேண்டாம். கடைசி மாணவியாக வைத்துக்கொள்ள இருந்தார் என்பது மட்டும் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வாரியத்தில் வேலை பழையபடிதான். இந்த வருடம் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. போன வாரமே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வேலை முடிந்ததும் மேட்டுத் தெருத் தொட்டிக்குப் போய் ஏணியில் ஏறி மாதிரி எடுத்து வருகிறேன். ஏணியை அவர் பிடித்துக்கொள்வார். "மேல போறீங்களா மேடம்?" அதே பாட்டுத்தான்.

அந்தப் பால் நிலையத்து அக்காவுக்குப் போன வாரம் எழுதினேன். நீங்கள் எழுதாதே என்று சொன்ன அந்த ஒரு கடிதம். இப்போது எதற்கு என்று தெரியாமலே எழுதினேன். அவர்களிடம் ஒரு நல்ல நுண்ணோக்கி இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கும், மாதிரிகளை எடுத்துக்கொண்டு வா என்று உடனே போன் வந்துவிட்டது. எட்டு மணி நேரப் பயணம். போகலாம் என்றிருக்கிறேன். இதில் பட்டம் எதுவும் வராது.

சித்தி நேற்றும் போன் செய்தார். "இப்போ ஏழு இருக்குமே" என்கிறார். அதை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும் அத்தை. என்னால் முடியாது.

மருமகள்


மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

சித்தியிடம் சொல்லிவிட்டேன். என் தங்கையிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது இந்த வயதில் எனக்குப் புது அனுபவம். "அப்ப கொழந்த?" என்றாள். குழந்தை இல்லை, படிப்பை விட்டுவிட்டாள், இடம் சரியில்லை, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான் என்றேன். "நீயா, தப்பு பண்ணியா?" என்று இரண்டு முறை கேட்டாள். எதையும் தானே முடிவு கட்டிவிடுகிறவள், இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு விஷயத்துக்காகவும் எழுதுகிறேன். எதிர்வீட்டு வங்கி அதிகாரியின் மகளுக்கு ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உன்னுடைய அதே பெரிய பல்கலை, அதே துறை. நேற்றுக் காலை அப்பாவும் மகளுமாக வந்தார்கள். கையில் அதே வண்ணப் புத்தகம். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நீங்க குழுவில எல்லாம் இருந்தவங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், நாங்க கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவோம்" என்றார்.

அந்தப் பெண் புத்தகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என்னைக் கேட்டபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கடிதத்தில் அது தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம் என்றேன். ஒரு தாளை எடுத்து, அங்கே படித்துப் பாதியில் விட்டவர் என்று தலைப்பிட்டு, உன் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் படித்தார். முகம் மாறிவிட்டது. "பாதியில விட்டவங்ககிட்ட எதுக்கும்மா? அவங்க கொறையத்தானே சொல்லுவாங்க. யாரு இவங்க?"

"என் மருமகள்" என்றேன்.

அவர்கள் போன பிறகு வெகு நேரம் வாசற்கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் இந்த வாரம் உனக்கு எழுதுவாள். உள்ளதை உள்ளபடி சொல். கோட்டைப் பற்றிச் சொல், தட்டச்சுக் கடையைப் பற்றிச் சொல். உன்னை அங்கே அனுப்பியது யார் என்று அவள் கேட்டால், மறைக்காதே.

அத்தை